தோற்றதும் பிரான்சுக்கு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதாம் வருஷம் எங்கள் கல்லூரிக் கால்பந்து அணி கோப்பை வென்றது. இதில் பொய் எதுவும் இல்லை. மற்றதில் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். எனக்கு எழுபது நெருங்குகிறது. ஞாபகம் தானாகவே உப்பு புளி சேர்த்துக்கொள்கிறது, நான் தடுப்பதில்லை.

அதற்கு முந்தைய ஆறு வருஷமும் நாங்கள் முதல் சுற்றைத் தாண்டியதில்லை. தோற்பதில் எங்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஆகஸ்டு இரண்டாம் வாரம் முதல் ஆட்டம். அன்று சாயங்காலமே அந்த வருஷத்துக் கால்பந்து முடிந்துவிடும். மறுநாள் கிரிக்கெட்காரர்கள் மைதானத்தை எடுத்துக்கொள்வார்கள். ஒரு வருஷம் அவர்கள் இடைவேளையிலேயே வந்து ஸ்டம்பை ஊன்றிவிட்டார்கள். நாங்களும் கோபப்படவில்லை, சுற்றிக்கொண்டு ஓடினோம்.

நான், சாரம் அரிகிருஷ்ணன், அந்த அணிக்குச் செயலாளர். பன்னிரண்டாவது ஆட்டக்காரனும் நானே. பதினோரு பேரில் யாருக்காவது கால் முறிந்தால் நான் இறங்கலாம். என் போதாத காலம், எங்கள் பையன்களுக்கு எலும்பு கெட்டி. மூன்று வருஷம் எலுமிச்சம்பழம் நறுக்கினேன்.

அணித்தலைவன் ஜூல். உழவர்கரைப் பையன். எங்களைப் போலவே தமிழ் பேசுவான், எங்களைப் போலவே கடன் சொல்லி டீ குடிப்பான். ஆனால் அவன் பிரான்சு நாட்டுக் குடிமகன். பிரெஞ்சுக்காரன் புதுச்சேரியை விட்டு மூட்டை கட்டியபோது, எந்த நாடு வேண்டும் என்று கேட்டு ஊர்ஜனங்களுக்கு ஆறு மாசம் கெடு கொடுத்தார்கள். என் அப்பா ஆலைத் தொழிலாளி. எங்கள் பேட்டையான சாரத்திலிருந்து ஆலைக்கும் ஆலையிலிருந்து சாரத்துக்கும் நடக்கிறவனுக்கு எந்த நாடாயிருந்தால் என்ன என்று பேசாமல் இருந்துவிட்டார். ஜூலின் அப்பா ஆந்த்ரே பிரான்சுப் பட்டாளத்தில் சர்ஜானாக, அதாவது சார்ஜெண்டாக, இருந்தவர். சைகோன், அல்ஜீரியா எல்லாம் பார்த்தவர். அவர் முதல் நாளே போய்க் கையெழுத்துப் போட்டார்.

அந்தக் கையெழுத்துக்குப் பலன் பல வருஷம் கழித்து வரும். பிரான்சுக் குடும்பத்து ஆண்பிள்ளை வயது வந்ததும் அங்கே போய் ஒரு வருஷம் பட்டாளத்தில் இருந்தாக வேண்டும். ஜூலுக்கு அந்த ஜூலை மாசம் காகிதம் வந்தது. அக்டோபர் முதல் தேதி முகாமில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஓடுகாலி என்று பெயர் எழுதிவிடுவார்கள். பிறகு அந்தப் பக்கம் தலை காட்ட முடியாது.

ஒரு வருஷம்தானே என்று நினைக்க வேண்டாம். புதுச்சேரியில் எல்லாருக்கும் தெரியும், ஒரு வருஷம் என்று போன பிள்ளைகள் திரும்புவதில்லை. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் பத்து நாள் வருவார்கள். பிறகு அந்தப் பெண்ணும் போய்விடும்.

சர்ஜானுக்கு அக்டோபர் வரை காத்திருக்கப் பொறுமையில்லை. ஆகஸ்டு ஐந்தாம் தேதியே பையனை அனுப்பிவிட முடிவு செய்தார். தூலோன் நகரத்தில் சித்தப்பா வீடு இருந்தது. குளிர் பழக வேண்டுமாம். கேப்டன் போய்விட்டால் அணி ஏது? நான் ஜூலின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உழவர்கரைக்குப் போனேன்.

சர்ஜான் கூடத்தில் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். சட்டைப்பையில் சங்கிலி போட்ட கடிகாரம். ஓய்வு பெற்றுப் பத்து வருஷம் ஆகியும் அவர் முதுகுக்குச் சேதி போகவில்லை.

"ஆகஸ்டுல அங்க வெயில்தானே முசே?" என்றேன். முசே என்றால் பிரெஞ்சில் ஐயா.

"அதாண்டா. எதிரி வந்தப்புறம் போயி நிக்கக் கூடாது. குளிர் வரும்போது இவன் அங்க தயாரா நிக்கணும்."

"முதல் மேட்ச் ஆகஸ்டு பதினொண்ணுங்க. அதை மட்டும் ஆடிட்டுப் போவட்டும்."

"ஜெயிச்சிட்டா?"

நான் சிரித்தேன். ஜூலும் சிரித்தான். கையோடு கொண்டுபோயிருந்த நோட்டைத் திறந்து ஆறு வருஷத்து முடிவுகளையும் காட்டினேன். சர்ஜான் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஏழு-பூஜ்யம். ஐந்து-பூஜ்யம். ஒன்பது-ஒன்று.

"அந்த ஒண்ணு?"

"அவங்க பேக் ஆட்டக்காரன் தப்பா அவங்க கோல்லயே அடிச்சதுங்க."

"ம்."

"உங்க மாதா மேலயும் எங்க மாரியாத்தா மேலயும் சத்தியமா தோத்துடுவோம் முசே. பன்னெண்டாந் தேதிலேர்ந்து அவன் உங்க புள்ள."

என் வாழ்க்கையில் நான் மனதாரச் சொன்ன உண்மைகள் கொஞ்சம். அதில் அதுவும் ஒன்று.

சர்ஜான் நோட்டை மூடினார். "சரி. சைகோன்ல கூட எங்களுக்கு இவ்ளோ உறுதியா யாரும் சொன்னதில்ல. ஆடிட்டு வா."

சமையலறை வாசலில் ஜூலின் அம்மா ஜொசியானம்மா நின்றிருந்தார். ஒல்லியான மனுஷி, பேச்சு குறைவு. ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி கேட்டார்: "ஒருவேளை ஜெயிச்சா?"

"நடுவுல உட்டுட்டு வர முடியாது," என்றார் சர்ஜான். "சண்டை நடக்கும்போது படையை உட்டுட்டு வர்றவன் சிப்பாயே இல்ல, சொல்தாவே இல்ல. முடிச்சிட்டுத்தான் வரணும். ஆனா அதான் நடக்கப்போறதில்லியே."

ஒரு சர்ஜான் தன் வாயாலேயே தன் கோட்டைக் கதவைத் திறந்துவிட்டது அந்த நிமிஷம்தான். அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஜொசியானம்மா மட்டும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "ஆட வர்ற எதிர் டீம் பசங்களுக்கு மத்தியானச் சாப்பாடு யாருப்பா போடறது?" என்றார்.

"நாமதாம்மா போடணும். விடுதியில சோறும் சாம்பாரும்."

"வெளியூர்லேர்ந்து பசியா வர்ற புள்ளைங்களுக்குச் சாம்பாரா? நான் போடறேன்."

நல்ல மனசு என்று நினைத்தேன். ஜூலும் அப்படித்தான் நினைத்தான்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் மதுவிலக்கு. புதுச்சேரியில் தெருவுக்குத் தெரு பிராந்திக் கடை. அதனால் எந்த ஊர்க் கல்லூரியோடு ஆட்டம் என்றாலும், அந்த ஊர் விளையாட்டு வாத்தியார், "நாங்களே வந்துடறோம், உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று பெருந்தன்மையாகக் கடிதம் போட்டுவிடுவார். ஒரு வருஷமும் நாங்கள் வெளியூர் போய்த் தோற்றதில்லை. தோற்றதெல்லாம் சொந்த ஊரில், உப்பளம் மைதானத்தில்தான்.

ஆகஸ்டு பதினொன்று. கடலூர் அணி பத்து மணிக்கு பஸ்ஸில் வந்து இறங்கியது. வாத்தியார் ஒரு வேலையாக நகரத்துக்குள் போய்விட்டார். பையன்கள் கூட்டமாக உழவர்கரை வந்தார்கள். கூடத்தில் பாய் விரித்து வாழையிலை போட்டிருந்தது. நான்தான் பரிமாறினேன்.

தேங்காய்ப்பால் சோறு. வடவம் தாளித்த வஞ்சிரக் குழம்பு. வைத்திக்குப்பத்து அஞ்சலாட்சி அன்று காலை கூடையோடு கொண்டுவந்து இறக்கிய மீன். சைகோனிலிருந்து சர்ஜான் கற்றுவந்து மனைவிக்குச் சொல்லிக்கொடுத்த, இறைச்சி வைத்துச் சுருட்டிப் பொரித்த நெம், ஆளுக்கு ஆறு. ரகு என்கிற கெட்டியான ஆட்டிறைச்சிக் குழம்பு. அதற்கு மேல் கத்தோ. அதாவது கேக், ஆனால் ரம்மில் ஊறிய கேக். எவ்வளவு ரம் என்று நான் கேட்கவில்லை. அதில் உட்கார்ந்து எழுந்த ஈ ஒன்று நேராகப் பறக்கவில்லை என்பதை மட்டும் பார்த்தேன்.

"இன்னும் கொஞ்சம் போட்டுக்கப்பா. எவ்ளோ தூரத்துலேர்ந்து வந்திருக்கீங்க," என்றார் ஜொசியானம்மா.

"இருபத்தஞ்சு கிலோமீட்டர்தாங்கம்மா."

"அதான். போட்டுக்க."

புதுச்சேரியில் மத்தியானம் ஒரு மணிக்கு மேல் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும். கடைகூட நாலு மணிக்குத்தான் திறக்கும். அந்தக் காற்றிலேயே ஒரு தூக்கம் உண்டு. எங்களுக்குப் பழக்கம். கடலூர்க்காரர்களுக்குப் பழக்கமில்லை. மூன்றரைக்கு ஆட்டம் ஆரம்பித்தது. பத்தாவது நிமிஷம் ஜூல் பந்தை அடித்தான். அது நேராக அவர்களுடைய கோல்கீப்பர் வயிற்றில் போய்ப் பட்டது. பையன் "அம்மா, போதும்மா" என்று சொல்லிக்கொண்டே பந்தோடு வலைக்குள் உட்கார்ந்துவிட்டான். முடியும்போது இரண்டு-பூஜ்யம்.

நாங்கள் யாரும் குதிக்கவில்லை. குதிக்கத் தெரியவில்லை. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக் குலுக்கினோம், துக்க வீட்டில் போல.

சர்ஜான் மறுநாள் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"இன்னாடா இது?"

"தவறிப்போச்சி முசே. அடுத்ததுல கண்டிப்பா தோத்துடுவோம். வேலூரு. பெரிய ஆளுங்க."

அவர் சட்டை போட்டுக்கொண்டு பிரெஞ்சுத் தூதரகமான கொன்சுலா ஆபீசுக்குப் போய்ப் பயணத் தேதியை மறுபடி தள்ளிவைத்துவிட்டு வந்தார். சொன்ன சொல் சொன்னதுதான். படையை நடுவில் விட முடியாது.

வேலூர்க்காரர்கள் நிஜமாகவே பெரிய ஆட்கள். அதனால் அவர்களுக்குச் சோறும் பெரிய அளவில் விழுந்தது. அவர்களுடைய இடது பேக் ஒருவன் இரண்டாம் பாதி முழுவதும் கோல் கம்பத்தில் சாய்ந்து நின்றே தூங்கினான். ஜூல் அவனைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனபோது, "அண்ணே, பெருமாள் கோயில் ஸ்டாப் வந்தா எழுப்புங்க" என்றான். இதை நான் என் காதால் கேட்டேன். நடுவரும் கேட்டார், அவர் பிறகு ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று-ஒன்று.

அன்று சாயங்காலம் உழவர்கரை வீட்டுக் கிணற்றடியில் அண்டாக்களைத் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு லேசாகச் சந்தேகம் வந்தது. ஜொசியானம்மா பக்கத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, நம்ம பசங்களுக்கு மட்டும் ஏன் கஞ்சியும் துவையலும்?"

"ஓடற புள்ளைங்களுக்கு வயிறு லேசா இருக்கணும்."

"அவங்களும்தானேம்மா ஓடணும்?"

வாளி இரண்டு முறை மேலே வந்தது. பிறகு சொன்னார்: "எங்க அண்ணன் புள்ள ஒரு வருஷம்னுதான் போச்சி, அரி. ஆறு வருஷமாச்சி. போட்டோ அனுப்புது. பனியில நின்னுகிட்டு, தொப்பி போட்டுகிட்டு. அண்ணி அந்தப் போட்டோவ வச்சிகிட்டு, இது நம்ம புள்ளதானான்னு எல்லார்கிட்டயும் கேக்கறாங்க."

வாளியை மறுபடி இறக்கினார்.

"ஒரு மேட்ச் ஜெயிச்சா எனக்கு ரெண்டு வாரம். நீ போயி ஒங்க முசேகிட்ட சொல்லப்போறியா?"

"எனக்கென்னம்மா தெரியும், நான் பாத்திரம் தேய்க்கிறவன்," என்றேன். அண்டாவின் அடியில் ஒட்டியிருந்த கத்தோவையும் அப்போதுதான் கவனித்தேன். வீணாக்கவில்லை.

ஜூலுக்கு இது தெரியுமா என்று கேட்பீர்கள். தெரியாது. அவன் தன் காலால்தான் ஜெயிக்கிறோம் என்று நம்பினான். அந்த நம்பிக்கைதான் வேடிக்கை செய்தது. ஜெயிக்கிறவர்கள் போல அவன் நடக்க ஆரம்பித்தான். அவனைப் பார்த்து மற்றவர்களும் நடந்தார்கள். விடியற்காலையில் வைத்திக்குப்பத்து மணலில் ஓடினார்கள். எங்கள் கோல்கீப்பர் கோவிந்தராசு அஞ்சலாட்சியின் மகன். அவன் படகுக்கும் படகுக்கும் நடுவில் நின்றுகொண்டு, வருகிற பந்தையெல்லாம் துள்ளுகிற மீனைப் போல அமுக்கினான். கல்லூரியில் பெண்கள் எங்களை நின்று பார்த்தார்கள். என்னைக்கூட ஒருத்தி பார்த்தாள். எலுமிச்சம்பழம் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டாள்.

அரையிறுதிக்கு வந்த காஞ்சிபுரத்துக்காரர்கள் விவரமானவர்கள். வேலூரிலிருந்து சேதி போயிருக்கிறது. கையோடு தயிர்சாதம் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். உழவர்கரைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஜொசியானம்மா மூடி திறக்காத அண்டாக்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். நான் அன்று மைதானத்தில் என் வாழ்நாளில் முதன்முறையாகச் சாமி கும்பிட்டேன்.

நாங்கள் இரண்டு-பூஜ்யம் ஜெயித்தோம். முழுசாக விழித்திருந்த அணியை. ஜூல் அடித்த இரண்டாவது கோலைப் பற்றி நான் எதுவும் சேர்த்துச் சொல்லப்போவதில்லை, சேர்க்க அதில் இடமில்லை. நடுக்கோட்டிலிருந்து பந்தை எடுத்தான், நாலு பேரைத் தாண்டினான், போட்டான். அவ்வளவுதான். உப்பளத்தில் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. பிறகு வந்த சத்தத்தில் துறைமுகப் பக்கம் இருந்த காக்கையெல்லாம் எழுந்து போயின. அன்றைக்குத்தான் நாங்கள் குதிக்கக் கற்றுக்கொண்டோம்.

இறுதியாட்டத் தேதி வந்தது. செப்டம்பர் இருபத்தொன்பது, சனிக்கிழமை. சென்னைக் கல்லூரி ஒன்றோடு.

அதே நாள் இரவுதான் ஜூலுக்கு மீனம்பாக்கத்தில் விமானம். அதற்கு மேல் தள்ள முடியாது. அதை விட்டால் முதல் தேதிக்குள் முகாமுக்குப் போய்ச் சேர வழியே இல்லை. சர்ஜான் வண்டி பேசினார். வண்டி மைதானத்து வாசலுக்கே வந்து நிற்கும். மூன்றரைக்கு ஆரம்பித்தால் ஐந்து பத்துக்கு முடியும். பையன் நேராக வண்டியில் ஏற வேண்டும்.

"சமமா முடிஞ்சா மறுநாள் மறுபடி ஆடணும்பா," என்று ஜூல் மெதுவாகச் சொன்னான். "ரூல் அப்படி."

"ஆடணும்னா?"

"அப்ப நான் ஏற மாட்டேன். நீங்கதானே சொன்னீங்க, முடிச்சிட்டுத்தான் வரணும்னு."

சர்ஜான் கடிகாரத்தை எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே போட்டார். அவர் பார்வை என் மேல் விழுந்தது. நான் அவசரமாக முற்றத்தில் காயப்போட்டிருந்த வடவத்தைப் பார்த்தேன். நன்றாகக் காய்ந்திருந்தது.

ஜொசியானம்மா அன்றைக்கும் சமையலறை வாசலில்தான் நின்றிருந்தார். "நான் மெட்ராசுக்கெல்லாம் வர மாட்டேன்," என்றார். "ஏரோப்ளேன்ல ஏத்தி உடறதுக்கு நான் எதுக்கு? நீங்களே போயிட்டு வாங்க."

இறுதியாட்டத்தன்று காலை நான் போனபோது கூடத்தில் ஒரே நீளமாகப் பாய் விரித்திருந்தது. இருபத்திரண்டு இலை. கோடியில் இன்னும் ஒன்று தனியாக.

"அது யாருக்கும்மா?"

"நடுவருக்கு. அவரும் மனுஷன்தானே."

"நம்ம பசங்களும் இங்கயா? கஞ்சி இல்லியா?"

"ஒவ்வொரு தடவையும் அவங்க வாயப் பாக்கறானுங்க. நம்ம புள்ளைங்களும் புள்ளைங்கதானே. இன்னிக்கி எல்லாருக்கும் ஒரே சாப்பாடு." என் முகத்தைப் பார்க்காமல் சோற்றுக் கரண்டியைத் துடைத்தார். "ஒரே அளவு."

எனக்குக் கணக்கு மெதுவாகத்தான் வரும். அன்றைக்குச் சட்டென்று வந்தது. இந்தப் பக்கம் பதினோரு தூக்கம், அந்தப் பக்கம் பதினோரு தூக்கம், நடுவில் ஒரு தூக்கம். சமமாக முடியும். நாளைக்கு மறுபடி ஆடுவார்கள். விமானம் போய்விடும். ஜூல் உழவர்கரையிலேயே இருப்பான், ஓடுகாலி என்று பெயர் எழுதிக்கொண்டு.

"அம்மா," என்றேன்.

"இன்னா?"

அந்தக் கண்ணைப் பார்த்தேன். "நெம் எத்தனை வைக்கட்டும்?" என்று கேட்டேன்.

"எட்டு."

உலகத்தில் எத்தனையோ கால்பந்து ஆட்டம் நடந்திருக்கும். அந்த முதல் பாதியைப் போல ஒன்று நடந்திருக்காது. நடுவர் விசிலை வாயில் வைத்தார். ஊதினாரா, மூச்சு விட்டாரா என்று தெரியவில்லை. இருபத்திரண்டு பேரும் தண்ணீருக்கு அடியில் நடக்கிறவர்கள் மாதிரி நடந்தார்கள். பந்து ஒருமுறை மைதானத்தின் நடுவில் எட்டு நிமிஷம் தனியாகக் கிடந்தது. ஒரு வெள்ளாடு வந்து மோந்து பார்த்துவிட்டுப் போனது. எங்கள் பையன் ஒருவன் சென்னைப் பையன் மேல் மோதினான். இரண்டு பேரும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அங்கேயே கொஞ்சம் உட்கார்ந்தார்கள். ஆயிரம் பேர் திரண்டு வந்திருந்தார்கள். அவர்களுக்கும் கொட்டாவி தொற்றிவிட்டது.

ஜொசியானம்மா கம்பி வேலியை ஒட்டி, ஒரு பெஞ்சியில் அஞ்சலாட்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மகன் கோல் காப்பதைப் பார்க்க அஞ்சலாட்சி முதன்முறையாக வந்திருந்தாள். அவர்களுக்குப் பின்னால் தண்ணீர்க் குடத்தோடு நான். வாசலில் வண்டி நின்றது. வண்டிக்குப் பக்கத்தில் கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சர்ஜான்.

"இவ்ளோதானா மதாம் இது?" என்றாள் அஞ்சலாட்சி. "இதுக்கா எம்புள்ள கடலுக்கு வராம ஓடறான்?"

"இவ்ளோதான்," என்றார் ஜொசியானம்மா நிம்மதியாக.

நாலரை மணிக்குக் கடற்காற்று எழுந்தது. அதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. முதலில் கோவிந்தராசு விழித்தான். குப்பத்துக்காரனுக்குக் காற்று என்றால் தண்ணீர் தெளித்த மாதிரி. பிறகு ஒவ்வொருவராகத் தலையை உதறினார்கள். சென்னைக்காரர்கள் உடனே ஒரு கோல் போட்டார்கள். பத்து நிமிஷத்தில் ஜூல் தலையால் முட்டித் திருப்பினான். ஒன்று-ஒன்று. அப்புறம் நிஜமான ஆட்டம். பையன்கள் மூச்சு வாங்க ஓடினார்கள், விழுந்தார்கள், எழுந்தார்கள். ஜனங்கள் பெஞ்சி மேல் ஏறி நின்றார்கள். ஜொசியானம்மா உட்கார்ந்தே இருந்தார். உதடு மட்டும் அசைந்தது. மாதாவிடம் என்ன கேட்டார் என்று எனக்குத் தெரியும்.

முடிய இரண்டு நிமிஷம். கோலுக்கு முன்னால் ஒரே கும்பல். அதில் சென்னைப் பையன் ஒருவன் கை பந்தில் பட்டது. நடுவர் விசில் ஊதினார். இந்த முறை நன்றாகவே கேட்டது. பெனால்டி.

ஜூல் பந்தை எடுத்துப் புள்ளியில் வைத்தான். நாலு அடி பின்னால் வந்தான். பிறகு, ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது, வேலிப்பக்கம் திரும்பிப் பார்த்தான். அம்மாவைத்தான் பார்த்தான். அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டதோ என்று எனக்குப் பட்டது. எட்டு நெம் தின்றவனுக்குப் புரியாமலா இருக்கும்?

"இப்ப இன்னா பண்ணப்போறான் மதாம்?" என்றாள் அஞ்சலாட்சி.

"அந்தப் பந்த அடிக்கப்போறான்."

"அடிச்சா?"

"அடிச்சா ஜெயிச்சிடுவாங்க."

"அடிக்கலன்னா?"

"எம்புள்ள வீட்லயே இருப்பான்." குரல் அவ்வளவு தாழ்ந்து வந்தது. பின்னால் நின்ற எனக்கே மட்டாகத்தான் கேட்டது.

அஞ்சலாட்சி கொஞ்சம் யோசித்தாள். "அது சரி. ஆனா இவ்ளோ கிட்டக்கயிருந்து அடிக்கத் தெரியலன்னு ஊரு பூரா பேசுமே மதாம். சாவற வரைக்கும் பேசும். நம்ம சனம் அப்படி. பரவால்லியா?"

ஜொசியானம்மா திரும்பினார். அவ்வளவு கோபமான முகத்தை நான் அந்த வீட்டில் பார்த்ததேயில்லை.

"யாருக்குடி அடிக்கத் தெரியாது?"

எழுந்தார். கம்பி வேலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மூன்று வருஷம் அவர் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். அவருக்கு அப்படி ஒரு தொண்டை இருக்கிறதென்று எனக்குத் தெரியாது.

"ஜூல்! இன்னாடா பாத்துகிட்டு நிக்கற? அடிச்சித் தொலைடா!"

அடித்தான். இதை நான் பெருக்கிச் சொல்ல மாட்டேன். வலை கிழியவில்லை, பந்து தீப்பிடிக்கவில்லை. தரையோடு, இடது மூலைக்கு, சாதாரணமாக அடித்தான். கீப்பர் வலது பக்கம் விழுந்தான். பந்து உள்ளே போயிற்று.

அப்புறம் நடந்தது எனக்குச் சரியாக ஞாபகமில்லை. யாரோ என்னைத் தூக்கினார்கள். ஆள் மாறிவிட்டது என்று தெரிந்ததும் கீழே போட்டார்கள். கோவிந்தராசு கோல் கம்பத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தான். எங்கள் விளையாட்டு வாத்தியார் ஆதிமூலம் சென்னை வாத்தியாரைக் கட்டிக்கொண்டு அழுதார். இரண்டு பேரும் மத்தியானத்திலிருந்தே நண்பர்கள்.

ஜூல் கும்பலிலிருந்து பிய்த்துக்கொண்டு வாசலுக்கு ஓடினான். நான் அவன் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். உடம்பெல்லாம் சேறு. சட்டை மாற்ற நேரமில்லை. அப்படியே வண்டியில் ஏறினான். சர்ஜான் கடிகாரத்தைக் காட்டினார்.

"பன்னெண்டு நிமிஷம் லேட்."

வண்டிக் கதவைச் சாத்தப்போனார். ஒரு கை அதைப் பிடித்தது. ஜொசியானம்மா. ஓடி வந்ததில் கொண்டை அவிழ்ந்திருந்தது.

"தள்ளி உக்காருங்க."

"நீதான் வரலன்னியே."

"இப்ப வரேங்கறேன். தள்ளுங்க."

"நேரமாச்சி, ஜொசியான். பன்னெண்டு நிமிஷம்…"

"பேசாம வாங்க. புள்ள கப்பு ஜெயிச்சிருக்கான், இவுரு நிமிஷம் எண்ணுறாரு."

சர்ஜான் தள்ளி உட்கார்ந்தார். ஜொசியானம்மா நடுவில் ஏறி, முந்தானையால் மகனுடைய முட்டியில் இருந்த சேற்றைத் துடைக்க ஆரம்பித்தார். "எவ்ளோ அழுக்கு, சே. இப்படியேவா ஏரோப்ளேன்ல போவ?" என்று திட்டுவது கேட்டது. ஜூல் சிரித்துக்கொண்டிருந்தான், அழுதுகொண்டும் இருந்தான். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து ஏதோ சொன்னான். வண்டி கிளம்பிவிட்டது, காதில் விழவில்லை. கடற்கரைப் பக்கம் திரும்பி, மறைந்துபோனது.

ஜூல் ஒரு வருஷம் முடித்தான். பிறகு அங்கே ரயில்வேயில் வேலை கிடைத்தது. பிறகு கல்யாணம். மற்றதெல்லாம் வழக்கம்போல.

நான் மைதானத்துக்குள் திரும்பினேன். மேடையில் சிறப்பு விருந்தினர் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். போட்டோக்காரர் கருப்புத் துணிக்குள் தலையை விட்டிருந்தார். மைக்கில் அணித்தலைவர் ஜூல் மேடைக்கு வரவும் என்று கூப்பிட்டார்கள். யாரும் போகவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டார்கள். ஜனங்கள் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். நான் எலுமிச்சம்பழக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

மூன்றாம் முறை கூப்பிட்டபோது நான் போய் நின்றேன்.